காரை எவ்வளவு இறக்கலாம்? சஸ்பென்ஷனோடு மல்லுக்கட்டிய காலின் சாப்மன்

காரைக் கொஞ்சம் இறக்கினால் கெத்தாக இருக்கும், வளைவில் சாயாமல் போகும் என்று லோயரிங் ஸ்பிரிங் மாட்டுபவர்கள் உண்டு. மாட்டிய சில நாளிலேயே இடுப்பு வலி என்று புலம்புபவர்களும் அவர்களேதான். காரணம் சிம்பிள். உயரம் குறைந்தால் ஸ்பிரிங் அமுங்குவதற்கான இடமும் குறையும். தரையில் தட்டாமல் இருக்க ஸ்பிரிங்கைக் கடினமாக்க வேண்டும். கடினமாக்கினால் ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். இந்த இழுபறியிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன்.

1928-ல் லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தவர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அவர் படித்தது கட்டுமானப் பொறியியல். ஒரு பாலத்தில் எந்தக் கம்பி எவ்வளவு சுமை தாங்குகிறது என்று பார்க்கிற கண்ணோடுதான் காரையும் பார்த்தார். வேலை செய்யாத இரும்பு எதற்கு என்பது அவர் கணக்கு. 1948-ல் காதலி ஹேசலின் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துத் தன் முதல் காரைச் செய்தார். 1952-ல் லோட்டஸ் கம்பெனி பிறந்தது. ஹேசல் பின்னர் மனைவியானார்.

ரேஸ் கார் என்றால் ஸ்பிரிங் கல் மாதிரி இருக்கணும் என்று பலர் நம்பிய காலம் அது. சாப்மன் தலைகீழாக யோசித்தார். எடை குறைந்தால் மென்மையான ஸ்பிரிங்கே போதும். அப்போது டயர் ரோட்டை விட்டுத் துள்ளாமல் ஒட்டிக்கொண்டே போகும். ஆட்டத்தை அடக்குவது டேம்பரின் வேலை, அதாவது நாம் ஷாக் அப்சார்பர் என்கிற சமாச்சாரம். 1962-ல் வந்த லோட்டஸ் எலான் 700 கிலோகூட இல்லை. மென்மையான ஸ்பிரிங், அதற்குப் பொருத்தமான டேம்பர். வளைவுகளில் அது போன விதத்தை இன்றும் பேசுகிறார்கள். டேம்பரைத் தொடாமல் ஸ்பிரிங்கை மட்டும் வெட்டுபவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

எடையைக் குறைக்கும் வெறிக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. லோட்டஸில் பாகங்கள் உடைவது புதிதல்ல. பலவீனமான பாகங்களைப் பலப்படுத்தச் சில கிலோ கூடினாலும் பரவாயில்லை, கார் அப்போதும் வேகமாகத்தான் இருக்கும் என்று அவருடைய டிரைவர் யோகென் ரின்ட் 1969-ல் கடிதமே எழுதினார். 1970 செப்டம்பர் 5-ம் தேதி மோன்ஸாவில் பயிற்சியின்போது ரின்ட் கார் விபத்தில் இறந்தார். முன் பிரேக்கோடு இணைந்த தண்டு உடைந்திருந்தது. அந்த ஆண்டின் உலக சாம்பியன் பட்டம் அவர் இறந்த பிறகு அவருக்குக் கிடைத்தது. சாப்மனின் மேதைமையைப் பேசும்போது இதைத் தாண்டிப்போவது நியாயமில்லை.

அடுத்த பாய்ச்சல் காருக்கு அடியில் நடந்தது. விமான இறக்கையைக் கவிழ்த்த மாதிரி காரின் பக்கவாட்டு அடிப்பகுதியை வடிவமைத்தார்கள். ஓரங்களை ஸ்கர்ட் எனும் தடுப்பால் மூடியதும், அடியில் ஓடும் காற்றே காரைத் தரையோடு உறிஞ்சியது. 1977-ல் லோட்டஸ் 78, அடுத்த ஆண்டு லோட்டஸ் 79. மாரியோ ஆண்ட்ரெட்டி 1978-ல் 6 பந்தயங்களை வென்று சாம்பியனானார். அதே சீசனில் மோன்ஸா விபத்தில் காயமடைந்த இன்னொரு லோட்டஸ் டிரைவர் ரோனி பீட்டர்சன் மறுநாள் இறந்துபோனார்.

சிக்கல் என்னவென்றால், இந்த உறிஞ்சும் விசைக்கு காரின் உயரம் கொஞ்சம் மாறினாலும் ஆகாது. மென்மையான ஸ்பிரிங் போட்டால் வேகத்தில் கார் அமுங்கும், விசை திடீரென்று அறுந்து கார் மேலே எழும், மறுபடி அமுங்கும். 1979-ன் லோட்டஸ் 80 இப்படித் துள்ளித் துள்ளியே தோற்றது. மென்மைக்காக வாதாடிய மனிதர், தன் கண்டுபிடிப்பாலேயே கல் போன்ற ஸ்பிரிங்குக்குத் தள்ளப்பட்டார்.

1981-ல் புது விதி வந்தது: நகரும் ஸ்கர்ட்டுக்குத் தடை, தரைக்கும் காருக்கும் 6 சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம். ஆனால் அளப்பது கார் நிற்கும்போதுதான்! பிராபம் அணியின் கார்டன் மர்ரே, வேகத்தில் தானாக இறங்கி, மெதுவானதும் எழுந்துகொள்ளும் சஸ்பென்ஷனைச் செய்தார். மற்றவர்களும் காப்பி அடித்தார்கள். இறங்கிய பிறகு கார்களில் ஸ்பிரிங் அசைவே கிட்டத்தட்ட இல்லை. டிரைவர்கள் உடம்பு குலுங்கி நொந்துபோனார்கள்.

சாப்மனின் பதில் லோட்டஸ் 88. ஒரே காரில் இரண்டு சேஸிஸ். காற்றின் அழுத்தத்தை வாங்கும் வெளிக்கூடு, சக்கரங்களோடு கடினமாக இணைந்தது. டிரைவரும் இன்ஜினும் இருக்கும் உள்கூடு, மென்மையான ஸ்பிரிங்கில் நின்றது. போட்டி அணிகள் எதிர்த்தன, கார் தடை செய்யப்பட்டது. சாப்மன் கடைசிவரை அதை ஏற்கவில்லை. உண்மையில் டிரைவரின் முதுகெலும்பைப் பற்றி அந்த ஆண்டு யோசித்த கார் அது ஒன்றுதான்.

அடுத்து ஸ்பிரிங்கின் வேலையையே ஹைட்ராலிக்கும் கம்ப்யூட்டரும் செய்யும் ஆக்டிவ் சஸ்பென்ஷனில் இறங்கினார்கள். அந்தக் கார் சோதனைக்கு ஓடிய 1982 டிசம்பர் 16 அன்றே, 54 வயதில் மாரடைப்பால் சாப்மன் இறந்தார். டெலோரியன் கார் திட்டத்தில் காணாமல்போன பணம் பற்றிய விசாரணை அவர் இல்லாமலேயே நடந்தது. லோட்டஸின் நிதி அதிகாரி 1992-ல் சிறைக்குப் போனார்.

ஆக்டிவ் சஸ்பென்ஷன் முதன்முதலாக ஃபார்முலா 1 பந்தயத்தை வென்றது 1987-ல், மொனாக்கோவின் மேடுபள்ளத் தெருக்களில். மஞ்சள் லோட்டஸை ஓட்டியவர் ஐர்டன் சென்னா.