தண்ணீரிடம் தோற்ற நூல்

காலையில பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் கொஞ்சம் பாருங்க. அதில் இருக்கும் நார் பெரும்பாலும் நைலான். 1938-ல் நைலான் பிரஷ் கடைக்கு வந்தபோது, அதை உருவாக்கியவர் உயிரோடு இல்லை. அவர்தான் வாலஸ் கரோத்தர்ஸ்.

1896-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தார். அப்பா வணிகக் கல்லூரி ஆசிரியர் என்பதால் இவரும் முதலில் படித்தது கணக்கியல்தான். பிறகு வேதியியல் பக்கம் வந்தார். மாணவராக இருக்கும்போதே தன் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்தார்! ஹார்வர்டில் இருந்தவரை டூபான்ட் நிறுவனம் கூப்பிட்டது. அடிக்கடி வரும் மனச்சோர்வை நினைத்துத் தயங்கினார். 1928-ல்தான் சேர்ந்தார்.

ஆசிட்டும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர் வரும், கூடவே தண்ணீரும் வரும்னு பிளஸ் டூவில் படிச்சிருப்பீங்க. அந்தத் தண்ணீர் உள்ளேயே இருந்தால் வினை பின்னாடி திரும்பும், சங்கிலி நீளாது. 1930-ல் இவருடைய குழு வெற்றிடத்தில் அந்தத் தண்ணீரை வெளியே எடுத்தது. மூலக்கூறு எடை 12,000-ஐத் தாண்டியது. கூட வேலை செய்த ஜூலியன் ஹில் அதைத் தொட்டு இழுத்தார். பட்டு மாதிரி நூல் வந்தது.

ஆனா பாருங்க, அதே தண்ணீர் மறுபடியும் வில்லனா வந்தது. அந்த பாலியெஸ்டர் நூல் குறைந்த சூட்டிலேயே உருகியது, வெந்நீரையும் தாங்கவில்லை. துவைக்க முடியாத துணியை யார் வாங்குவாங்க? வேலை நின்றது. சில வருடம் கழித்து எஸ்டருக்குப் பதிலாக அமைடு பிணைப்பை எடுத்தார். 1935 பிப்ரவரி 28 அன்று நைலான் 66 பிறந்தது.

அடுத்த வருடம் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வானார். இருந்தும் தான் எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1937 ஜனவரியில் தங்கை இறந்தது பெரிய அடி. ஏப்ரல் 29 அன்று, 41 வயது முடிந்த இரண்டாம் நாள், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மகள் பிறந்தது அதே வருடம் நவம்பரில். தண்ணீரிடம் தோற்றதாக அவர் விட்டுப்போன பாலியெஸ்டரும் வீணாகவில்லை. 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் அந்தச் சங்கிலியில் பென்சீன் வளையத்தைச் சேர்த்தார்கள். அது வெந்நீரைத் தாங்கியது. இன்று நாம் போடும் பாலியெஸ்டர் சட்டை அந்த வழியில் வந்ததுதான்.

இதை ஏன் சொல்றேன்னா, எங்க ப்ராஜெக்ட்லயும் வில்லன் தண்ணீர்தான். பிவிஏ நானோஃபைபர் தண்ணீர் பட்டதும் கரைஞ்சு போகுது. செடியிலிருந்து எடுக்கும் நானோசெல்லுலோஸைக் கலந்து, ஹைட்ரஜன் பிணைப்பால் அதைப் பிடிச்சு நிறுத்தப் பார்க்கிறோம். இன்னும் சரியா வரலை. ஒவ்வொரு தடவை கரையும்போதும் கரோத்தர்ஸ் ஞாபகம் வருது.

உங்க சாம்பிள் ஃபெயில் ஆனா நோட்டில் எழுதி வைங்க, யாருக்காவது உதவும். மனசு சரியில்லைன்னா மட்டும் நோட்டில் எழுதி மூடிடாதீங்க. பக்கத்து ரூம் கதவைத் தட்டுங்க.