லொரெயின் ஹான்ஸ்பெரி: வீடும் நாடகமும்

குடியிருக்கும் இடம்கூட நிறத்தையும் செல்வத்தையும் பார்த்தே வழங்கப்படும் நாட்டில், ஒரு வீட்டின் கதை அந்நாட்டின் வரலாறாகிவிடுகிறது. அத்தகைய வீடொன்றை நாடகமாக்கிப் புகழ் பெற்றவர், 34 ஆண்டுகளே வாழ்ந்த அமெரிக்கக் கறுப்பின நாடகாசிரியர் லொரெயின் ஹான்ஸ்பெரி.

1930 மே 19 அன்று சிகாகோவில் பிறந்தார். நகரின் தென்பகுதியில் கறுப்பினத்தவர் ஒரு குறுகிய எல்லைக்குள் அடைபட்டிருந்தனர். அவருடைய தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி அங்கே வீட்டுமனை வணிகர். பெரிய வீடுகளைச் சிறுசிறு அறைகளாகப் பிரித்துக் கறுப்பின ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டுப் பொருளீட்டியவர். ஐந்து வயதில் வெண்ணிற மென்மயிர் மேலங்கி அணிந்து பள்ளிக்குச் சென்ற லொரெயினை ஏழைச் சிறார் அடித்தனர். எனினும் அவர் மனம் நாடியது அச்சிறாரின் தோழமையையே.

1937இல் கார்ல், வெள்ளையர் வாழ்ந்த வுட்லான் பகுதியில் வீடு வாங்கினார். கறுப்பினத்தவர்க்கு வீட்டை விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என்று வெள்ளையர் தமக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கை அங்கு இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகமும் அத்தகைய உடன்படிக்கைகளை ஆதரித்தது. வன்முறைக் கூட்டம் வீட்டைச் சூழ்ந்தது. எறியப்பட்ட கல் சிறுமி லொரெயினை மயிரிழையில் தவறவிட்டது. தந்தை நீதிமன்றம் ஏறி, 1940இல் உச்சநீதிமன்றத்தில் வென்றார். ஆனால் அத்தீர்ப்பு சட்ட நுணுக்கம் பற்றியது மட்டுமே. இவ்வகை உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் செயற்படுத்தலாகாது என்ற தீர்ப்பு 1948இல்தான் வந்தது. தந்தை வழக்காடிய நாள்களில், தாய் நானி கைத்துப்பாக்கியுடன் இரவெல்லாம் பிள்ளைகளைக் காத்தார். வழக்கின் பெயரில் தந்தை நிலைத்தார். தாயின் காவலை 1964இல் தாம் எழுதிய கடிதமொன்றில் பதிவு செய்தவர் மகளே.

1950இல் நியூயார்க் சென்ற லொரெயின், பால் ராப்சனின் ஃப்ரீடம் இதழில் பணியாற்றினார். 1957இல் சிமோன் த பொவ்வாரின் பெண்ணிய நூலைப் பற்றிக் கட்டுரை எழுதத் தொடங்கினார். 1959 மார்ச் 11 அன்று அவருடைய 'எ ரெய்சின் இன் த சன்' பிராட்வேயில் அரங்கேறி, 530 முறை நடிக்கப்பட்டது. பிராட்வேயில் அரங்கேறிய முதல் கறுப்பினப் பெண் நாடகாசிரியர் அவரே.

இந்நாடகத்தின் சிறப்பு, நெருக்கடியைப் பெண்களின் உடல்வழி காட்டியமையாகும். யங்கர் குடும்பம் பொதுக் குளியலறை கொண்ட சிறு குடியிருப்பில் வாழ்கிறது. மகன் வால்டர் காரோட்டி. அவன் மனைவி ரூத் பிறர் வீட்டில் வேலை செய்கிறாள். இடமும் பொருளும் இல்லாமையால் கருவைக் கலைக்க எண்ணுகிறாள். மகள் பெனீதா மருத்துவராக விரும்புகிறாள். தாய் லீனா, கணவரின் காப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறாள். அவர்கள் வராதிருக்க வெள்ளையர் பணம் தர முன்வருகின்றனர். குடும்பம் அதனை மறுக்கிறது. நடுத்தர வர்க்க ஆசையே இது எனக் குறைகூறிய கவிஞர் அமீரி பராக்கா, பின்னாளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். தந்தையின் வாடகை அறைகளில் வாழ்ந்தோரின் பக்கம் நின்று மகள் எழுதியதே இந்நாடகம் எனலாம்.

1965 சனவரி 12 அன்று புற்றுநோயால் லொரெயின் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான், ஏழைகளின் தெருக்களில் வசதி படைத்தோர் குடியேற, விலையேறிப் பழைய குடிகள் வெளியேறும் போக்கிற்கு இலண்டன் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் பெயர் சூட்டியிருந்தார். அதனை மேட்டுக்குடியாக்கம் எனலாம். கறுப்பினத்தவர் பகுதியாகிவிட்ட வுட்லானில் 2010இல் ஹான்ஸ்பெரி வீடு நகரின் நினைவுச்சின்னமாயிற்று. அப்பகுதி மக்கள் வாடகை உயர்வால் வெளியேற்றப்படாதிருக்க, 2020இல் நகர மன்றம் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. அன்று உடன்படிக்கை உள்ளே விட மறுத்தது. இன்று விலை வெளியே தள்ளுகிறது. சிறு அறைக்குள் குழந்தைக்கு இடமில்லை என்று கலங்கிய ரூத்தின் துயரம், இரண்டு காலத்திற்கும் பொதுவாக நிற்கிறது.