கொரியாவிலும் சைப்ரஸிலும் அமைதி காத்த குடகுத் தளபதி

மைசூருவிலிருந்து ஹுன்சூர், குஷால்நகர் வழியாக மேற்கே மலையேறினால் ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில் மடிக்கேரி வருகிறது. குடகு மாவட்டத்தின் தலைநகரான அவ்வூரில் உள்ள 'சன்னி சைட்' என்னும் பழைய இல்லத்தை, அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ராம்நாத் கோவிந்த் 2021 பிப்ரவரியில் ராணுவ அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். 1957 முதல் 1961 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கிய ஜெனரல் கோதண்டேரா சுப்பையா திம்மையாவின் குடும்ப இல்லம் அது.

திம்மையாவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1948-ஆம் ஆண்டின் சோஜி லா போரையே நினைவுகூர்வர். மதராஸ் பொறியாளர் படைப்பிரிவினர் அமைத்த பாதையில், 11,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்துக்கு டாங்கிகளை ஏற்றி, நவம்பர் 1-ஆம் தேதி எதிரிகளைத் திகைக்க வைத்த வெற்றி அது. ஆனால், அவருடைய வாழ்வின் கடினமான பணிகள் போர்க்களத்தில் அமையவில்லை. வெற்றி, தோல்வி என்ற சொற்களுக்கே இடமில்லாத இரு அயல்நாடுகளில் அமைந்தன. துப்பாக்கி ஏந்திய படை, அரசியல் பிரதிநிதிகளுடனும் சாதாரண மக்களுடனும் எவ்வாறு இணைந்து செயல்பட வேண்டும் என்பதற்கு விதிமுறை நூல் எதுவும் எழுதப்படாத காலம் அது.

1906 மார்ச் 31-ஆம் தேதி மடிக்கேரியில் பிறந்த திம்மையா, நீலகிரி மாவட்டம் குன்னூரில் உள்ள புனித ஜோசப் பள்ளியிலும் பின்னர் பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியிலும் கல்வி பயின்றார். டேராடூன் ராணுவக் கல்லூரியைத் தொடர்ந்து இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்டில் பயிற்சி பெற்று 1926-இல் அதிகாரியானார். 1935-இல் குவெட்டா நகரை நிலநடுக்கம் நிர்மூலமாக்கியபோது, புதுமணத் தம்பதியராக அங்கிருந்த அவரும் மனைவி நீனாவும் மீட்பு, நிவாரணப் பணிகளில் ஈடுபட்டனர். இரண்டாம் உலகப் போரில் பர்மாவின் அரக்கான் முனையில் போரிட்ட அவர், போர்க்களத்தில் ஒரு பிரிகேடை வழிநடத்திய ஒரே இந்தியர் என்ற பெயரைப் பெற்றார். அவருடைய சகோதரரோ நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தார். ஒரே குடும்பம் இரு அணிகளில் நின்ற அந்த அனுபவம், எதிர்த்தரப்பினரையும் மனிதராகக் காணும் பக்குவத்தை அவருக்குத் தந்திருக்கக் கூடும்.

1947 செப்டம்பரில், பிரிவினையின் கொடுமை உச்சத்தில் இருந்த கிழக்குப் பஞ்சாபில் நான்காவது டிவிஷனின் பொறுப்பை ஏற்றார். கால்நடையாகவும் ரயிலிலும் எல்லையைக் கடந்த அகதிகளுக்குப் பாதுகாப்பு அளிப்பதே படையின் முதல் வேலையாக இருந்தது. போர்ப் பயிற்சி பெற்ற சிப்பாய்கள், உணவுக்கும் குடிநீருக்கும் வழித்துணைக்கும் மாவட்ட நிர்வாகத்துடன் தோளோடு தோள் நிற்க வேண்டிய நிலை. பிற்காலத்தில் அயல்நாடுகளில் அவர் செய்யவிருந்த பணிக்கு இதுவே ஒத்திகையாயிற்று.

கொரியப் போர் 1953 ஜூலை 27-இல் நின்றது. நாடு திரும்ப மறுத்த போர்க்கைதிகளை என்ன செய்வது என்ற சிக்கலால்தான் போர்நிறுத்தமே நெடுநாள் தள்ளிப்போயிருந்தது. இதற்குத் தீர்வு காண, 1952 இறுதியில் ஐ.நா. பொதுச் சபையில் இந்தியாவின் சார்பில் ஒரு தீர்மானத்தை முன்னின்று உருவாக்கியவர் வி.கே. கிருஷ்ண மேனன். போர்நிறுத்த உடன்பாட்டின்படி அமைந்த நடுநிலை நாடுகள் ஆணையத்தில் இந்தியா, சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாகியா ஆகிய ஐந்து நாடுகள் இடம்பெற்றன. தலைவர் பொறுப்பு திம்மையாவிடம் வந்தது. கைதிகளைக் காக்கும் இந்தியப் படைக்கு மேஜர் ஜெனரல் எஸ்.பி.பி. தோரட் தலைமை ஏற்றார். வெளியுறவுத் துறையிலிருந்து பி.என். சக்கரவர்த்தியும், பின்னாளில் இந்திரா காந்தியின் செயலராகப் புகழ்பெற்ற பி.என். ஹக்சரும் ஆலோசனை கூற உடன் சென்றனர்.

தொடக்கமே சோதனையாக அமைந்தது. இந்திய வீரர்கள் தம் மண்ணில் கால் வைக்கக்கூடாது என்று தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ அறிவித்தார். எனவே, கப்பலில் இஞ்சான் துறைமுகத்தை அடைந்த படையினர், தரையில் இறங்காமலேயே ஹெலிகாப்டர்களில் படைவிலக்கப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே எழுந்த முகாமுக்கு 'ஹிந்த் நகர்' எனப் பெயரிடப்பட்டது. தமிழரான லெப்டினென்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் 1950-இல் கொரியாவுக்கு அழைத்துச் சென்றிருந்த 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவும் இந்தப் படைக்குத் துணையாக வந்து சேர்ந்தது.

ஐ.நா. தரப்பு ஒப்படைத்த கைதிகள் 22,000-க்கும் அதிகம். அவர்களில் பெரும்பான்மையினர் சீனர். வடகொரிய, சீனத் தரப்பு ஒப்படைத்தவர்களோ 359 பேர் மட்டுமே. நாடு திரும்புமாறு அவர்களுக்கு எடுத்துரைக்க அந்தந்த நாட்டுப் பிரதிநிதிகளுக்கு 90 நாள்கள் அவகாசம் தரப்பட்டது. கைதிகளை வலுக்கட்டாயமாக அனுப்பவும் கூடாது, தடுக்கவும் கூடாது. ஆனால், முகாம்களுக்குள் கட்டுக்கோப்பான அரசியல் குழுக்கள் ஆதிக்கம் செலுத்தின. திரும்ப விரும்பியவர் அதை வாய்விட்டுச் சொல்லவே அஞ்சினார். செப்டம்பரில் இந்திய மேஜர் ஒருவரைக் கைதிகள் சிறைப்பிடித்தனர். தோரட் நேரில் உள்ளே சென்று பேசி அவரை மீட்டார். அக்டோபர் தொடக்கத்தில் மூண்ட கலவரங்களில் காவலர்கள் சுட நேர்ந்தது. கைதிகள் சிலர் உயிரிழந்தனர்.

ஆணையத்தில் இரண்டு நாடுகள் ஒரு பக்கமும் இரண்டு நாடுகள் மறுபக்கமும் நின்றதால், முக்கிய முடிவுகள் பலவும் திம்மையாவின் வாக்கைப் பொறுத்தே அமைந்தன. விளக்கக் கூட்டங்களுக்கு வர மறுத்த ஆயிரக்கணக்கானோரைத் துப்பாக்கி முனையில் இழுத்து வரலாமா என்ற கேள்வி எழுந்தபோது, பலப்பிரயோகத்துக்கு அவர் இணங்கவில்லை. விளைவாக, 90 நாள்களில் மிகச் சில நாள்களே விளக்கம் நடந்தது. ஒரு தரப்பு அவரை அமெரிக்கச் சார்பினர் என்றது. மறுதரப்பு கம்யூனிஸ்டுகளுக்கு வளைந்து கொடுப்பவர் என்றது. இரு பக்கமும் ஒருசேரக் குறை கூறியதே அவரது நடுநிலைக்குக் கிடைத்த சான்று எனலாம்.

முடிவில், கைதிகளை விடுவிக்கவோ தொடர்ந்து அடைத்து வைக்கவோ ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்ற நிலைப்பாட்டை இந்தியா எடுத்தது. 1954 ஜனவரி 20-ஆம் தேதி முதல், அவர்களை முன்பு வைத்திருந்த தரப்பிடமே திருப்பி ஒப்படைக்கும் பணி தொடங்கியது. சீனர்களில் பெரும்பாலோர் தைவான் சென்றனர். எந்தப் பக்கமும் செல்ல விரும்பாத சிலர் இந்தியப் படையினருடன் கப்பலேறி இந்தியாவுக்கே வந்தனர். அவ்வாண்டு திம்மையாவுக்கு பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது. கொரிய அனுபவத்தை அவர் எழுதி வைத்த நூல், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1981-இல்தான் அச்சேறியது.

அயல்மண்ணில் ராஜதந்திரிகளுடன் இணக்கமாகப் பணிபுரிந்த அதே தளபதிக்கு, சொந்தத் தலைநகரில் அந்த இணக்கம் வாய்க்கவில்லை என்பது வரலாற்றின் விநோதம். கொரியத் தீர்வுக்கு ஐ.நா.வில் வழி வகுத்த அதே கிருஷ்ண மேனன், 1957 முதல் பாதுகாப்பு அமைச்சர். பதவி உயர்வுகள் உள்ளிட்ட விவகாரங்களில் இருவருக்கும் பிணக்கு முற்றி, 1959 ஆகஸ்ட் இறுதியில் திம்மையா ராஜிநாமா கடிதம் கொடுத்தார். பிரதமர் நேரு கேட்டுக்கொண்டதால் அதைத் திரும்பப் பெற்றார். ஆனால், நாடாளுமன்றத்தில் பேசிய நேரு, தளபதியின் செயலைக் குறைகூறினார். திரும்பப் பெற்றது சரியா என்ற விவாதம் ராணுவ வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் ஓயவில்லை. அவர் ஓய்வு பெற்று 18 மாதங்களுக்குள் சீனப் போர் மூண்டது. மேனனும் பதவி இழந்தார்.

மத்தியதரைக் கடல் தீவான சைப்ரஸில் கிரேக்க மொழியினருக்கும் துருக்கிய மொழியினருக்கும் இடையே 1963 டிசம்பரில் மோதல் வெடித்தது. 1964 மார்ச் 4-ஆம் தேதி பாதுகாப்பு கவுன்சில் அமைதிப்படைக்கு ஒப்புதல் அளித்தது. அதன் முதல் தளபதியும் இந்தியரே: லெப்டினென்ட் ஜெனரல் பி.எஸ். ஞானி. அவருக்குப் பின் ஜூலையில் திம்மையா பொறுப்பேற்றார். இந்தியத் துருப்புகள் அங்கே இல்லை. பிரிட்டன், கனடா, அயர்லாந்து, சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாடுகளின் வீரர்கள் ஏறத்தாழ 6,000 பேர் அவரது ஆணைக்குக் காத்திருந்தனர். பொறுப்பேற்ற ஒரு மாதத்துக்குள், ஆகஸ்டில், கொக்கினா பகுதியில் சண்டை மூண்டு துருக்கிய விமானங்கள் குண்டு வீசின.

மோதல் மீண்டும் எழாமல் தடுப்பது, சட்டம் ஒழுங்கைக் காக்க உதவுவது, இயல்பு வாழ்க்கை திரும்பத் துணை நிற்பது ஆகிய மூன்றும் படைக்கு இடப்பட்ட பணிகள். மூன்றாவதுதான் புதியது, சிப்பாயின் வழக்கமான வேலைப் பட்டியலில் இல்லாதது. கோதுமை அறுவடைக்குச் செல்லும் விவசாயிக்குக் காவல் போவது, துருக்கிய மொழியினரின் பகுதிகளுக்கு உணவும் எரிபொருளும் சென்று சேரப் பேச்சு நடத்துவது, தடைப்பட்ட அஞ்சலையும் ஓய்வூதியத்தையும் சீராக்க அரசு அலுவலகங்களின் படியேறுவது என அமைதிப்படை அதிகாரிகளின் நாள்கள் கழிந்தன. 1964 அக்டோபரில் நிகோசியா-கைரேனியா சாலை படையின் கட்டுப்பாட்டில் திறக்கப்பட்டு, கிரேக்க மொழியினர் வாகன அணிவகுப்பாகக் காவலுடன் பயணம் செய்ய முடிந்தது.

படையோடு ஒரு சிவில் காவல் பிரிவும் இயங்கியது. ஐ.நா. அமைதிப் பணியில் இத்தகைய பிரிவுக்கு அது தொடக்ககாலம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஆஸ்திரியா, சுவீடன், டென்மார்க் நாடுகளின் போலீஸார் அதில் இருந்தனர். அரசியல் பேச்சு நடத்தப் பொதுச் செயலர் ஊ தாண்டின் சிறப்புப் பிரதிநிதியாக பிரேசிலின் கார்லோஸ் பெர்னார்டெஸ் இருந்தார். யார் எங்கே பேசுவது, எங்கே படையை நிறுத்துவது என்பதை இவர்கள் நாள்தோறும் கலந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. 'சிவில்-ராணுவ ஒருங்கிணைப்பு' என்ற பெயரில் இன்று அமைதிப்படைப் பயிற்சிகளில் பாடமாகக் கற்பிக்கப்படும் துறை, பெயரில்லாமலேயே அங்கு நடைமுறைக்கு வந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டில் தில்லியில் ஐ.நா. அமைதி காக்கும் பயிற்சிக்கென இந்தியா தனி மையமே அமைத்தது.

1965 நவம்பரில் பாமகுஸ்தாவில் மீண்டும் துப்பாக்கிகள் வெடித்தன. அதைத் தணித்த சில வாரங்களில், டிசம்பர் 18-ஆம் தேதி, திம்மையா மாரடைப்பால் பணியிலேயே காலமானார். வயது 59. உடல் பெங்களூருவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு சைப்ரஸ் அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. 1969-இல் இன்னோர் இந்தியரான ஜெனரல் திவான் பிரேம் சந்த் அதே பொறுப்புக்கு வந்தார். 1974-இல் துருக்கியப் படைகள் தீவில் இறங்கியபோது தளபதியாக இருந்தவர் அவரே. அந்த ஐ.நா. படை இன்னமும் சைப்ரஸை விட்டுத் திரும்பவில்லை.