துறைமுகத்தின் வாசலைத் திருப்பி வைத்தவர்

கணித மேதை இராமானுஜன் மெட்ராஸ் துறைமுகத்தில் கிளார்க்காக வேலை பார்த்தது நமக்கெல்லாம் தெரியும். அங்கே அவருக்கு மேலே உட்கார்ந்திருந்த துரை யார் என்று கேட்டால் பாதிப்பேர் முழிப்போம். அவர்தான் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். நம்மைப் போல சிவில் ஆள்!

1849ல் பிறந்த அயர்லாந்துக்காரர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்துவிட்டு 1870ல் இந்தியாவுக்கு வேலைக்கு வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ரயில் பாதை, பாலம் என்றே காலம் போனது. ஆறு திசை மாறி ஓடாமல் கரை கட்டிப் பிடித்து வைப்பது எப்படி என்று 1903ல் ஒரு புத்தகமே எழுதினார். மறு வருஷம் 1904ல் மெட்ராஸ் துறைமுகப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ஆற்றோடு மல்லுக்கு நின்றவர் இப்போது கடலோடு நிற்க வேண்டியதாயிற்று.

மெட்ராஸ் கரையில் கப்பல் ஒதுங்க இயற்கையாக ஒரு இடமும் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போடும். மசூலா படகில் சரக்கை ஏற்றி அலையைத் தாண்டிக் கரை சேர்க்க வேண்டும். மூட்டை நனையும், சில நேரம் ஆளும் போவான். 1876ல் கடலுக்குள் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அதை உடைத்துப் போட்டது. திரும்பவும் கட்டினார்கள். ஆனால் வாசல் மட்டும் பழையபடி கிழக்குப் பார்த்தே இருந்தது. புயலடித்தால் அலை நேராக உள்ளே வரும். போதாததற்கு மணல். நம் கடலோரத்தில் மணல் பெரும்பாலும் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. சுவர் அதை மறித்ததும் தென்பக்கம் குவிந்தது (மெரினா அவ்வளவு அகலமானது இப்படித்தான்). மிச்சம் சுவர் முனையைச் சுற்றி வந்து வாசலைத் தூர்த்தது.

வருஷா வருஷம் தூர் வாரிக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஸ்பிரிங் அப்படிச் செய்யவில்லை. கிழக்கு வாசலை அடைத்துவிட்டு வடகிழக்கில் புது வாசல் திறந்தார். அதற்குக் காவலாக வடக்கே நீளும் ஒரு சுவரும் கட்டினார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது உள்ளே அவர் போட்ட திட்டம்தான். என் அப்பா லோடுமேன். லாரி வந்து நின்றும் கோடவுனில் இடமில்லை என்றால் அன்றைக்குப் பாதிக் கூலி காலி. கப்பல் வந்து நின்றால் மட்டும் துறைமுகம் ஆகிவிடாது, இறக்கிய சரக்கு போக வழி வேண்டும் என்பதை ரயில்வேயில் ஊறிய ஸ்பிரிங் புரிந்து வைத்திருந்தார். கப்பல் அணையும் பெர்த், அதற்குப் பின்னால் ஷெட், அப்புறம் கிடங்கு, அதையடுத்து ரயில் யார்டு. ஒரே நாளில் இல்லை, வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாக.

இதற்கு நடுவில்தான் 1912 மார்ச் 1ஆம் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் இராமானுஜன் சேர்ந்தார். எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். அலுவலகத்தில் பெரிய பொறுப்பிலிருந்த நாராயண ஐயர் அவருடைய கணக்குகளை ஸ்பிரிங்கின் கவனத்துக்குக் கொண்டுபோனார். வேறு அதிகாரியாக இருந்தால் ஆபீஸ் நேரத்தில் இதென்ன வேலை என்று மெமோ கொடுத்திருப்பார். ஸ்பிரிங்கோ அவருக்காகப் பெரிய இடங்களில் சொல்லி ஆதரவு திரட்டினார். 1913 மே முதல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17ல் இராமானுஜன் 'நெவாசா' கப்பலில் மெட்ராஸை விட்டு இங்கிலாந்து புறப்பட்டார். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த எனக்கு, வாசல் திருப்பியதைவிட இந்தச் சேதி ஒரு படி மேல்.

அதே வருஷம் செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் வந்து குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். தெற்கே நின்றுபோன மணல் வடக்கே போய்ச் சேரவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றது. இன்றும் அங்கே பாறாங்கல் கொட்டித்தான் கடலைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். சுவர் அவர் வருவதற்கு முன்பே வந்தது, பழி முழுக்க அவர் மேல் இல்லை. ஆனால் மணல் நகர்வைப் பற்றி என்ஜினீயர்கள் சங்கத்துக்கே கட்டுரை எழுதியவர் அவர். திட்டம் மட்டும் துறைமுகச் சுவரோடு நின்றுவிட்டது.

1919ல் பொறுப்பை விட்டார். 1920 முடிவதற்குள் மேற்கில் நான்கு பெர்த், கிழக்கிலும் தெற்கிலும் ஒவ்வொன்று என்று எல்லாம் தயார். 1933ல் ஜெர்சி தீவில் ஸ்பிரிங் காலமானார்.