சொந்த ஊரையே வெடிவைத்துத் தகர்த்த இயக்குநர்... யார் இந்த மைக்கேல் லாண்டன்?

ஒன்பது சீசன்களாக வாரா வாரம் டிவியில் பார்த்துப் பழகிய ஊர் அது. கடைத்தெரு, மில், வீடுகள் என எல்லாமே ரசிகர்களுக்கு அத்துப்படி. 1984-ல் வந்த ஒரு டிவி படத்தில் அந்த ஊர் கண்ணெதிரே வெடித்துச் சிதறியது. கிராபிக்ஸ் இல்ல, மினியேச்சர் இல்ல. நிஜ செட், நிஜ வெடி!

அப்படிச் செய்தவர் அந்த ஊரை உருவாக்கியவரேதான். அவர் பெயர் மைக்கேல் லாண்டன். அமெரிக்க சின்னத்திரையில் நடிகராக நுழைந்து, எழுத்தாளர், இயக்குநர், தயாரிப்பாளர் என்று வளர்ந்தவர்.

ஜன்னலில் தொங்கிய போர்வை

1936 அக்டோபர் 31-ல் நியூயார்க்கில் பிறந்தவர். இயற்பெயர் யூஜின் ஓரோவிட்ஸ். அப்பா யூதர், அம்மா கத்தோலிக்கர். வளர்ந்தது நியூஜெர்சி மாநிலத்தின் காலிங்ஸ்வுட் என்ற சின்ன ஊரில். வீட்டில் நிம்மதி கிடையாது. பையனுக்கு வளர்ந்த பிறகும் படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிரச்னை இருந்தது. அவனை வெட்கப்பட வைத்தால் சரியாகிவிடும் என்று அம்மா நினைத்தார். நனைந்த விரிப்பை ஊரே பார்க்கும்படி ஜன்னலில் தொங்கவிட்டார்.

பள்ளி மணி அடித்ததும் பையன் ஒரே ஓட்டமா வீட்டுக்கு ஓடுவான். நண்பர்கள் கண்ணில் படுவதற்குள் அதை எடுத்துவிட வேண்டுமே!

அதே பையன் ஈட்டி எறிதலில் கெட்டிக்காரன் ஆனான். 1954-ல் 193 அடிக்கு மேல் எறிந்தான். அந்த ஆண்டு அமெரிக்கப் பள்ளி மாணவர்களில் அதுதான் அதிக தூரம். அதனால் கலிபோர்னியாவில் உள்ள பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் அங்கே போனதும் தோளில் தசைநார் கிழிந்தது. விளையாட்டு வாழ்க்கை அவ்வளவுதான்.

பெட்ரோல் பங்க் டூ பொனான்சா

பிழைப்புக்குப் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தார். அப்படியே நடிப்புப் பயிற்சிக்கும் வழி பிறந்தது. டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி 'லாண்டன்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். 1957-ல் ஓநாய் மனிதனாக மாறும் பள்ளி மாணவனாக ஒரு பேய்ப் படத்தில் நடித்தார். சின்ன பட்ஜெட் படம்தான், ஆனால் முகம் பதிந்துவிட்டது.

1959-ல் என்பிசி சேனலில் தொடங்கியது 'பொனான்சா'. ஒரு அப்பா, மூன்று மகன்கள், ஒரு பெரிய பண்ணை. அதில் கடைக்குட்டி லிட்டில் ஜோவாக வந்தார் லாண்டன். 14 சீசன் ஓடிய மெகா ஹிட் அது.

அத்தோடு அவர் நின்றிருக்கலாம். சம்பளம், புகழ் ரெண்டும் இருந்தது. ஆனால் ஷாட் முடிந்ததும் ஓய்வறைக்குப் போகாமல் கேமராவைக் கவனித்தார். 1962-ல் அந்தத் தொடருக்கே திரைக்கதை எழுதினார். 1968-ல் முதல்முறையாக ஒரு எபிசோடை இயக்கினார். அவருக்கு சினிமா பள்ளி எல்லாம் அந்த செட்தான்.

அண்ணனுக்கு எழுதிய கதை

1972 மே மாதத்தில் பெரிய இடி. தொடரில் அவருக்கு அண்ணனாக நடித்த டான் பிளாக்கர் திடீரென இறந்தார். அப்போது பிளாக்கர் பாத்திரத்தின் கல்யாணத்துக்காக லாண்டன் ஒரு கதை எழுதி வைத்திருந்தார். அதைத் தூக்கி எறியவில்லை. கல்யாணத்தைத் தன் பாத்திரத்துக்கு மாற்றி, மனைவியைப் பறிகொடுக்கும் கதையாகத் திருத்தி, தானே இயக்கினார். நிஜ துக்கத்தைத் திரையில் கொட்ட அவர் கண்டுபிடித்த வழி அது. 1973 ஜனவரியில் பொனான்சா முடிந்தது. கடைசி எபிசோடையும் எழுதி இயக்கியது அவரே.

இனி எல்லாம் அவர் கையில்

அடுத்த ஆண்டே 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி'. லாரா இங்கால்ஸ் வைல்டர் எழுதிய புத்தகங்களை வைத்து உருவான குடும்பத் தொடர். இதில் அப்பா வேடம் லாண்டனுக்கு. நிர்வாகத் தயாரிப்பாளரும் அவர்தான். 80-க்கும் மேற்பட்ட எபிசோடுகளை அவரே இயக்கினார். பொனான்சாவில் கூட வேலை பார்த்த தொழில்நுட்பக் கலைஞர்கள் பலரை இங்கேயும் கூட்டி வந்தார்.

புகார்களும் இல்லாமல் இல்ல. புத்தகத்தில் உள்ளபடி எடுக்க வேண்டும் என்ற தயாரிப்பாளர் எட் ஃபிரெண்ட்லியோடு மோதல் வந்தது. கடைசியில் விலகியவர் ஃபிரெண்ட்லிதான். திரையில் லட்சிய அப்பாவாக வலம் வந்தவரின் இரண்டாவது திருமணமும் 1982-ல் விவாகரத்தில் முடிந்தது. பத்திரிகைகள் அதை விடவில்லை.

இதற்கு நடுவே, 1976-ல் ஜன்னல் விரிப்பு கதையையே டிவி படமாக எடுத்தார். ஊர் பார்க்கக்கூடாது என்று ஓடி ஓடி மறைத்ததை, நாடே பார்க்கும்படி வைத்தார். அதே அவமானத்தோடு வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் குழந்தைகளின் கதையும் அதுதானே!

சரி, ஊரை ஏன் தகர்த்தார்?

லிட்டில் ஹவுஸ் செட் நின்ற நிலம் சொந்தமில்லை. கலிபோர்னியாவின் சிமி வேலியில் வாடகைக்கு எடுத்த இடம். தொடர் முடிந்ததும் பழையபடி காலி செய்து தர வேண்டும் என்பது ஒப்பந்தம். எப்படியும் இடிக்கத்தான் வேண்டும். அதையே கதையாக்கினார் லாண்டன். ஊர் நிலத்தை ஒரு பணக்காரர் உரிமை கொண்டாட, வேறு வழியில்லாத மக்கள் தாங்கள் கட்டியதைத் தாங்களே தகர்க்கிறார்கள். தேவாலயமும் அந்தச் சின்ன வீடும் மட்டும் தப்பின.

அதே 1984-ல் 'ஹைவே டு ஹெவன்' தொடங்கியது. பூமிக்கு வந்து மனிதர்களுக்கு உதவும் தேவதூதர் வேடம். சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. ஐந்து சீசன் ஓடியது!

கடைசி அத்தியாயம்

1991 ஏப்ரல் 5-ல் அவருக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. மூன்றே நாளில் செய்தியாளர்களை மலிபுவில் உள்ள தன் வீட்டுக்கே வரவழைத்து அவரே விஷயத்தைச் சொன்னார். மே 9-ல் ஜானி கார்சன் நிகழ்ச்சியில் உட்கார்ந்து, நோயைப் பற்றியும் ஜோக் அடித்தார். ஜூலை 1-ல் இறந்தார். வயது 54 மட்டுமே.

சின்ன வயதில் ஒரு விரிப்பை மறைக்க மூச்சிரைக்க ஓடிய பையன், கடைசியில் எதையும் மறைக்கவில்லை.