சாமியாராகப் போனவர் சாமி படம் எழுதினார்
நாடகத் திரையிலிருந்து வீட்டுச் சுவருக்கு வந்த கொண்டைய ராஜு

திருவண்ணாமலைக்குச் சாமியாராகப் போகிறவர்கள் உண்டு. போன பிறகு உலகத்தையே மறந்துவிடுகிறவர்களும் உண்டு.

ஆனால், ஒருவர் அங்கே துறவியாகப் போனார். திரும்பி வந்தார். நாடகக் கம்பெனியில் சீன் எழுதினார். பிறகு, தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் தொங்கிய சாமி படங்களை எழுதினார்!

அவர்தான் ஓவியர் சி. கொண்டைய ராஜு.

மலை அழைத்தது

கொண்டைய ராஜு 1898-ம் ஆண்டு பிறந்தார். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் சித்திரம் பயின்றார். 1850-ல் தொடங்கிய பழைய பள்ளி அது. நிழலும் ஒளியும் காட்டி, மனிதரை நேரில் பார்ப்பதுபோல எழுதும் மேல்நாட்டு முறையை அங்கே கற்றுக்கொடுத்தார்கள்.

படிப்பை முடித்தவருக்கு உத்தியோகத்தில் மனம் செல்லவில்லை. பக்தியில் சென்றது. திருவண்ணாமலைக்குப் போய், ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் துறவியாகத் தங்கினார். மதுரையிலிருந்து சிறுவனாக வீட்டைவிட்டுக் கிளம்பி, 1896-ல் அந்த மலையடிக்கு வந்து சேர்ந்தவர் ரமணர். அவரை நாடி நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம் அது.

காலம் சென்றது. கொண்டைய ராஜு ஆசிரமத்தை விட்டுப் புறப்பட்டார். கையில் சொத்து இல்லை. கற்ற தொழில் மட்டுமே இருந்தது.

அந்தத் தொழில் அவரை நாடகக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றது.

திரையில் ஓர் ஊர்

அந்தக் காலத்து நாடகக் கம்பெனிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பார்ஸி நாடகக் கம்பெனிகள் தென்னாட்டுக்கு வந்தபோது, எழுதிய திரைகளையும் கொண்டுவந்தன. தமிழ் நாடகக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்தில் பாட்டும் வசனமும் ஜனங்களை இழுத்தன. பின்னாளில் நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் நாடகங்களுக்குச் சீன்களைப் பார்ப்பதற்காகவே கூட்டம் வந்தது.

ராஜா வந்தால் தர்பார் திரை. வனவாசம் என்றால் காட்டுத் திரை. இன்னும் தெரு, நந்தவனம், சிறைச்சாலை, கைலாயம் எல்லாம் துணியில் இருக்கும். மூங்கிலில் சுருட்டி மேலே கட்டியிருப்பார்கள். கயிற்றை இழுத்தால் காடு மறையும், அரண்மனை இறங்கும்!

இதை எழுதுவது லேசான வேலை அல்ல. துணியை விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். பசை பூச வேண்டும். அது காய்ந்த பிறகு, பொடி வர்ணத்தை வஜ்ரத்தில் குழைத்துத் தீட்ட வேண்டும். வண்டியில் ஊர் ஊராகப் போனால், மடிப்பில் வர்ணம் உதிரும். உடனே பழையதைப் பார்த்து, அதே அளவில் புதிதாக எழுத வேண்டும்.

கடைசி வரிசையில், தரையில் உட்கார்ந்திருக்கும் ஏழைக்கும் திரை தெளிவாகத் தெரிய வேண்டும். ஆகவே வர்ணம் பளிச்சென்று இருக்க வேண்டும். பார்த்த உடனே இது மயிலாசனம், இது மலை என்று புரிய வேண்டும்.

கொண்டைய ராஜு இந்த வேலையை வருஷக் கணக்கில் செய்தார். கம்பெனியில் இருந்த பையன்கள் சிலர் அவரிடம் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

கம்பெனி கலைந்தது

1931-ல் தமிழில் பேசும் படம் வந்தது. நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகச் சினிமாக் கொட்டகைகள் ஆயின.

1940-களின் முற்பகுதியில், கொண்டைய ராஜு இருந்த கம்பெனி கோவில்பட்டிக்கு வந்தது. அத்துடன் கலைந்தும் போயிற்று!

நாற்பது வயதைத் தாண்டியவர். பிறந்த ஊரோ வெகு தூரம். மனைவி, மக்கள் இல்லை. நம்பி நின்ற சீடர்கள்தான் குடும்பம். வேறு யாராக இருந்தாலும் மனம் உடைந்திருப்பார்கள். அவரோ அந்தக் கரிசல் பூமியிலேயே தங்கினார். சீடர்களுடன் தேவி ஆர்ட் ஸ்டுடியோ தோன்றியது. போட்டோ எடுப்பதும் படம் எழுதுவதும் பிழைப்பாயின.

சிவகாசியின் துணை

பக்கத்திலே சிவகாசி. தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கப் போன ஊர், அச்சுத் தொழிலில் பேர் பெற்றது. துணிக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் வருஷப் பிறப்புக்கு வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கக் காலண்டர் கேட்டார்கள். காலண்டருக்குச் சாமி படம் தேவை. அதை எழுதக் கோவில்பட்டியில் ஆள் இருந்தார்!

கஜலட்சுமி, மீனாட்சி திருக்கல்யாணம் என்று அவர் எழுதிய படங்கள் வீடு வீடாகப் போயின. ரவிவர்மா 1894-ல் அச்சகம் தொடங்கித் தெய்வப் படங்களைப் பரப்பினார். அந்த வழியில் தெற்கே வந்த பெரிய பெயர் கொண்டைய ராஜு.

அவர் படங்களைப் பாருங்கள். தெய்வம் நம்மைப் பார்த்து நேராக நிற்கும். பின்னால் தூண், மண்டபம், மலை, நீர்நிலை. நாடக மேடையில் பாத்திரம் நிற்பதும், பின்னே திரை தொங்குவதும் அப்படித்தான். கடைசி வரிசைக்காரனுக்காக எழுதிப் பழகிய கை அது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்தப் படம் விளங்கியதில் ஆச்சரியம் என்ன?

இரண்டு பெயர்

அவருடைய பெருமைக்கு இன்னொன்றும் சாட்சி. பல படங்களில் அவர் பெயருடன் சீடரின் பெயரும் இருக்கும். டி.எஸ். சுப்பையா போன்றவர்கள் அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தார்கள். குருவின் புகழில் சீடனுக்கும் பங்கு!

கொண்டைய ராஜு 1976-ல் காலமானார். துறவு வாழ்க்கையை விட்டு வந்தவர்தான். ஆனாலும், தன் பெயரைக்கூடப் பிறருடன் பங்கிட்டுக்கொண்டவரைத் துறவி அல்ல என்று யார் சொல்ல முடியும்?

அவர் தீட்டிய நாடகத் திரைகள் போன திசை தெரியாது. மழையிலும் வெயிலிலும், வண்டிப் பயணத்திலும் நைந்து போகிற பொருள் அது. காகிதத்தில் அச்சான படங்களோ பழைய வீடுகளில் மிஞ்சியிருக்கின்றன.

வெள்ளை அடிக்கும்போது பழைய சாமி படங்களை எடுத்துக் கோவில் மரத்தடியில் வைத்துவிடுவது நம் வழக்கம். அதற்கு முன்னால், படத்தின் கீழ் மூலையை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். அந்தப் பெயர் இருந்தால், படத்தைத் திரும்பச் சுவரில் மாட்டிவிடுங்கள்.