அறிஞரை உருவாக்கிய அறிஞர் மால்கம் ஆதிசேஷையா

ஒரு நாடு விடுதலை பெற்றதும் கொடியும் நாட்டுப்பண்ணும் உடனே கிடைத்துவிடுகின்றன. ஆனால் வரவு செலவுத் திட்டம் வகுப்பவரும், எத்தனை பள்ளிகள் வேண்டும், எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்பவரும் ஒரே நாளில் கிடைப்பதில்லை. 1960 ஆம் ஆண்டில் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. ஆண்டவர் வெளியேறினர்; அவர்கள் விட்டுச்சென்ற நாற்காலிகளில் அமரப் பயிற்சி பெற்ற உள்நாட்டு இளைஞர் மிகச் சிலரே இருந்தனர். அந்த இளைஞரை உருவாக்கும் பெரும்பணியில் பங்கு கொண்டவர்களுள் ஒருவர், நம் வேலூரில் பிறந்த பொருளாதாரப் பேராசிரியர் மால்கம் ஆதிசேஷையா ஆவார்.

இளமையும் கல்வியும்

1910 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆம் நாள் அன்னார் பிறந்தார். வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும், சென்னை இலயோலாக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் உயர்கல்வி பெற்றார். கல்கத்தாவில் ஆசிரியராகப் பணி தொடங்கி, 1940 முதல் 1946 வரை தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக விளங்கினார்.

உலக அரங்கில்

1948 இல் யுனெஸ்கோவில் சேர்ந்தார். அறிஞரையும் மாணவரையும் நாடு விட்டு நாடு அனுப்பிப் பயிற்றும் துறையில் அவரது பணி தொடங்கியது. பின்பு தொழில்நுட்ப உதவித் துறையை நடத்தினார். 1963 முதல் 1970 வரை துணைத் தலைமை இயக்குநராக வீற்றிருந்தார்.

அந்த உதவி நடைபெற்ற முறையை மாணவர் அறிந்துகொள்ளுதல் நன்று. ஒரு நாடு கேட்டால் வெளிநாட்டு வல்லுநர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு அனுப்பப்படுவார். அவரருகே உள்நாட்டு இளைஞர் ஒருவர் அமர்ந்து வேலையைக் கற்பார். வேறோர் இளைஞர் உதவித்தொகை பெற்று வெளிநாடு சென்று பயின்று திரும்புவார். அதன்பின் வல்லுநர் விடைபெற வேண்டும். தம்மைத் தேவையற்றவராக்கிக் கொள்வதே வல்லுநரின் வெற்றி. 1958 இல் யுனெஸ்கோ வழியாகச் சோவியத் நாட்டு உதவி பெற்றுத் தொடங்கிய பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இதற்குச் சான்று. தொடக்கத்தில் அங்கு வந்த அயல்நாட்டுப் பேராசிரியர் திரும்பிச் சென்றனர். நம்மவர் அதனை நடத்துகின்றனர்.

ஆப்பிரிக்காவிலும் இவ்வழியே பின்பற்றப்பட்டது. 1961 மே திங்களில் யுனெஸ்கோவும் ஐ.நா.வின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையமும் அடிஸ் அபாபாவில் கல்வி அமைச்சர்களைக் கூட்டின. 1980க்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடக்கக் கல்வி என்று அம்மாநாடு இலக்கு வைத்தது. பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும்; ஆசிரியருக்குக் கல்லூரி வேண்டும்; இவற்றுக்குப் பணம் ஒதுக்கத் திட்டம் தீட்டுவோர் வேண்டும். எனவே காமரூன் நாட்டு யவுண்டே போன்ற நகரங்களில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் எழுந்தன. இளம் ஆப்பிரிக்கப் பொருளாதார அறிஞரைப் பயிற்ற, செனகல் நாட்டு டாக்கரில் ஐ.நா. திட்டமிடல் நிறுவனம் தோன்றியது. கல்வித் திட்டமிடலைக் கற்பிக்க 1963 இல் யுனெஸ்கோ பாரிசில் ஒரு நிறுவனம் அமைத்தது. பிற்காலத்தில், 1980களில், அந்நிறுவனத்தின் ஆட்சிக்குழுத் தலைவராக ஆதிசேஷையா பணியாற்றினார்.

1980க்கென வைத்த இலக்கு குறித்த காலத்தில் எட்டப்படவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. மக்கள் தொகை பெருகியது, நிதி போதவில்லை, பயிற்சி பெற்றோர் பலர் அயல்நாடுகளிலேயே தங்கிவிட்டனர். ஆயினும் டாக்கர் நிறுவனம் இன்றும் நடைபெறுகிறது. கட்டடம் இடிந்தாலும் கற்றவர் வழியே கல்வி நிலைக்கும் அல்லவா?

தாயகம் திரும்பினார்

பிறருக்குச் சொன்னதைத் தம் வாழ்விலும் செய்து காட்டினார் ஆதிசேஷையா. உலகப் பதவியை விட்டு வந்து, தாமும் துணைவியார் எலிசபெத் அம்மையாரும் தம் சொந்தப் பொருளைக் கொடுத்து, 1971 இல் சென்னை அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினர். 1977 இல் அது தேசிய ஆராய்ச்சி நிறுவனமாக ஏற்றம் பெற்றது. 1916 இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் மாணவரை அனுப்பி ஆராயச் செய்த இருவேல்பட்டு, தூசி ஆகிய சிற்றூர்களை, 1980களில் இந்நிறுவனத்தார் மீண்டும் ஆராய்ந்தனர். நம் உழவர் நிலையை நம்மவரே அளந்து எழுதினர்.

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1978 வரை பணிபுரிந்தார். அவ்வாண்டில்தான் தமிழகத்தில் தன்னாட்சிக் கல்லூரிகள் தோன்றின. பாடத்தைத் தாமே வகுக்கும் உரிமையை ஆசிரியர் பெற்றனர். 1976 இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1978 முதல் 1984 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தார். 1994 நவம்பர் 21 ஆம் நாள் மறைந்தார்.

நமக்கு உரைப்பது

சோசலிசப் பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று 1955 இல் காங்கிரசுப் பேரவை தீர்மானித்தது நம் ஆவடியில்தான். அதன்பின் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருமருங்கும் வயல்கள் வீட்டு மனைகளாயின. ஏரிகள் சுருங்கின. இம்மாற்றத்தால் யாருக்கு வேலை கிடைத்தது, யார் நிலம் இழந்தனர், பட்டறைத் தொழிலாளியின் பிள்ளை எதுவரை படிக்கிறது? இவற்றை அளந்து எழுத அயலூரிலிருந்து வல்லுநர் வரவேண்டுமா? நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியர் போதாதா?

தம் ஊரைத் தாமே ஆராய்ந்து, தம் நாட்டுக்குத் தாமே திட்டம் தீட்டும் ஆற்றல், விடுதலையின் பாதி. ஆப்பிரிக்க இளைஞருக்கும் தமிழக இளைஞருக்கும் அவ்வாற்றல் வாய்க்கவேண்டும் என்று உழைத்தவர் ஆதிசேஷையா. ஒரு குறிப்பேட்டுடன் நம் தெருவிலிருந்தே தொடங்குவோமாக!